நடுரோட்டில் தீர்ந்த டீசல்

போன மாதம் ஒரு மத்தியானம், கிணத்துக்கடவு தாண்டியதும் என் பஸ் நின்றுவிட்டது. டீசல் காலி.

பயப்படாதீர்கள்... நிஜ பஸ் இல்லை. போனில் நான் ஓட்டுகிற பஸ். பொள்ளாச்சியில் கிளம்பி, வழியில் ஆள் ஏற்றி, குறித்த நேரத்துக்குள் கோவை வந்து சேர வேண்டும். அதுதான் கேம். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்கிறீர்களா? உருவாக்கியவள் என் அக்கா மகள் நித்யா. ஐ.டி. வேலையை விட்டுவிட்டு, பீளமேட்டில் ஓர் அறை பிடித்து, இரண்டு பேரைச் சம்பளத்துக்கு வைத்துச் செய்த கேம். ஆடாமல் இருக்க முடியுமா?

கேம் இலவசம். விதவிதமான ஹாரன், பெயின்ட், கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கர் - இவற்றுக்கு மட்டும்தான் காசு. நான்கூட ஓர் ஏர் ஹாரன் வாங்கியிருந்தேன். ஆனால் டீசல் தீருவது புதுசு. நான்கு மணி நேரம் காத்திரு, அல்லது பணம் கட்டு என்றது திரை. பஸ் நிறைய ஜனத்தை வைத்துக்கொண்டு நடுரோட்டில் நான்!

நித்யாவுக்குப் போன் போட்டேன். வருமானம் போதவில்லை என்று முதலீடு போட்டவர் சொல்லிவிட்டாராம். டீசலுக்குக் காசு வாங்கு, வேகமான எஞ்சினைத் தனியாக விற்பனைக்கு வை. இல்லாவிட்டால் இனிமேல் என்னிடம் பணம் எதிர்பார்க்காதே என்று கண்டிப்பு.

"ரெண்டு பேர்த்துக்குச் சம்பளம் போடோணுமுங்க சித்தி. வேற வழி தெரியல."

முதல் வாரம் காசு கொட்டியது. இரண்டாவது வாரம் திட்டு கொட்டியது. ஒற்றை ஸ்டார் விமர்சனங்கள். ஆடுகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேற ஆரம்பித்தார்கள். மனசு கேட்காமல், தக்காளி சாதம் கட்டி எடுத்துக்கொண்டு அவள் அறைக்குப் போனேன்.

சாப்பிடும்போது, கேமில் கொடுத்திருந்த எண்ணுக்கு ஒரு போன். காலையிலிருந்து திட்டு வாங்கியவள், எடுக்கவே தயங்கினாள். நான்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டேன்.

ஒரு பெண் குரல். பெயர் செல்வி. சூலூரில் விசைத்தறி ஓட்டுகிறவர். சாப்பாட்டு இடைவேளையில் அரை மணி நேரம் இந்த கேம் ஆடுவாராம். எட்டு மாதமாக, கேமில் வரும் மதிப்பெண் பட்டியலில் முதல் இடம் அவருக்குத்தான். யாரோ ஒருவர், புதிதாக விற்பனைக்கு வந்த அந்த வேகமான எஞ்சினை வாங்கி, இரண்டே நாளில் அவரை முந்திவிட்டார்.

திட்டப்போகிறார் என்று நினைத்தோம். திட்டவில்லை.

"ஏனுங்க, அவுரு நல்லா ஓட்டி முந்தியிருந்தா எனக்குச் சந்தோசமுங்க. காசு குடுத்து முந்திப்போட்டாருங்க. ஹாரன் நானுந்தான் வாங்கினனுங்க, அது ஆசைக்கு. பாதி ரோட்டுல நிறுத்திப்போட்டு டீசலுக்குக் கேட்டா, அது வழிப்பறி மாதிரி இல்லீங்களா?"

நித்யா போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"எடுத்தர்றனுங்க அக்கா. இன்னைக்கே."

அன்று சாயங்காலமே டீசல் கட்டணத்தை எடுத்தாள். எஞ்சின் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாள். முதலீட்டாளருக்கும் அவளே போன் செய்து சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்று அவர் வைத்துவிட்டார். அதன்பிறகு இரண்டு வாரம்... நித்யாவுக்குத் தூக்கமில்லை. எனக்கும்தான். கடையை மூட நேர்ந்தால் அக்காவிடம் என்ன சொல்வது?

மூடவில்லை. போனவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். ஒற்றை ஸ்டார் கொடுத்தவர்களில் பலர் தாங்களாகவே மாற்றி எழுதினார்கள். பெயின்டும் ஸ்டிக்கரும் முன்பைவிட நன்றாகவே போயின. டீசல் விற்ற வாரத்து வருமானம் இல்லைதான். ஆனால் சம்பளம் போடப் போதும். முதலீட்டாளரும், சரி, இப்படியே நடத்து என்று சொல்லிவிட்டார். அதை நித்யா போனில் சொன்னபோது, அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா!

யோசித்துப் பாருங்கள். கல்யாண வீட்டில் மொய் எழுத நாம் யாராவது முகம் சுளிக்கிறோமா? அதுவே, பந்தியில் பாதிச் சாப்பாட்டில் இலையைப் பிடுங்கி வைத்துக்கொண்டு மொய் கேட்டால்?

போன ஞாயிற்றுக்கிழமை நானே செல்வியைக் கூப்பிட்டு நன்றி சொன்னேன். முதல் இடத்தைத் திரும்பப் பிடித்துவிட்டாராம். கூடவே, பஸ்ஸுக்கு மயில் நீல பெயின்ட் வாங்கியிருக்கிறார். சும்மாவே ஆடலாமே, எதற்குச் செலவு என்று கேட்டேன்.

"இப்ப யாரும் கட்டாயப்படுத்தறதில்லீங்களே... அதனாலதானுங்க."