வாசலில் ஒரு ஜோடி கூடுதல்

நடந்ததைத்தான் சொல்கிறேன், ஒரு வார்த்தைகூட ஜோடிக்கவில்லை. சந்தேகப்படுகிறவர்கள் திருப்பரங்குன்றத்துக்கு வாருங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் அச்சாகி வந்த பேப்பர் என் பீரோவில் இருக்கிறது, எடுத்துக் காட்டுகிறேன். பேய்மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபமெல்லாம் அந்த சர்வீஸ் கம்பெனிக்காரர்கள்மேல்தான். இத்தனை வருஷமாகியும் நினைத்தால் வயிறு எரிகிறது.

என் பெயர் நாகசுப்பிரமணியன். 1988-இல் மில் கிளார்க் வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் ஜாதகம் போட ஆரம்பித்திருந்தேன். அந்த மிஷினை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். கீபோர்டு மாதிரி ஒரு பெட்டி, அதை டி.வி.யோடு மாட்ட வேண்டும். டேப் ரெக்கார்டரில் கேசட்டைப் போட்டால் பன்னிரண்டு நிமிஷம் காது கிழியக் கத்தும். அப்புறம்தான் ஜாதகப் புரோகிராம் ஏறும். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் தட்டினால் பிரிண்டர் கரகரவென்று கட்டம் போட்டுக் கொடுத்துவிடும். வாசலில் பெரிய போர்டு வைத்திருந்தேன். ‘மனிதன் தவறலாம், மிஷின் தவறாது.’ அதை எழுதிய கையை வெட்டிப் போட வேண்டும்.

விற்கும்போதே கம்பெனிக்காரன் ஒரு சட்டம் சொல்லியிருந்தான். மிஷினுக்குத் தூசி ஆகாது, யாராக இருந்தாலும் செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அப்போதெல்லாம் கம்ப்யூட்டர் இருக்கிற இடத்தில் எல்லோருக்கும் இதே சட்டம்தான். அதனால் எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. அறை வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணினாலே உள்ளே எத்தனை பேர் என்று தெரிந்துவிடும்.

மார்ச் மாதம் மிஷின் படுத்துவிட்டது. ஆரப்பாளையத்தில் ஒரு லாட்ஜுக்கு மேல் மாடியில் கம்பெனியின் சர்வீஸ் ஆபீஸ். மூன்று வாரம் நாயாய் அலைந்தேன். இன்ஜினியர் லீவு என்றான். மெட்ராஸிலிருந்து பார்ட்ஸ் வரவில்லை என்றான். உங்கள் வீட்டு வோல்டேஜ் சரியில்லை என்றான். என் வீட்டு வோல்டேஜைப் பற்றி மாடியில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன தெரியும்? கடைசியில் ஏப்ரல் 9, சனிக்கிழமை, காளை என்ற மெக்கானிக் மிஷினைக் கொண்டுவந்து மாட்டினான். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். உள்ளே சர்க்யூட் போர்டை மாற்றியாகிவிட்டது, புத்தம் புதுசு என்று சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாளே என் தலையில் இடி விழுந்தது.

என் தங்கை பத்மாசினிக்கு இருபத்தாறு வயது. இரண்டு வரன் தட்டிப்போய், மூன்றாவதாகப் பரமக்குடியிலிருந்து பத்ரிநாத் என்ற பையன் அமைந்திருந்தான். பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து அவள் முகத்தில் தனிச் சிரிப்பு. அந்த ஞாயிற்றுக்கிழமை பையனின் அப்பா வந்தார். வீட்டிலேயே கம்ப்யூட்டர் இருக்கும்போது பழைய நோட்டு ஜாதகம் எதற்கு, என் எதிரில் ஒன்று போடுங்களேன் என்றார். நானும் பெருமையாக உட்கார்ந்து தட்டினேன். ஜனவரியில் அதே மிஷின் அவளுக்குச் சுத்த ஜாதகம் கொடுத்திருந்தது. இப்போது ஏழாமிடத்தில் செவ்வாய் என்று அடித்துக் கொடுத்தது. செவ்வாய் தோஷம்.

தப்பு, மிஷினில் ஏதோ கோளாறு என்று கத்தினேன். அவர் வாசலைக் கை காட்டினார்.

“நீங்க எழுதி வச்ச போர்டுதானே அது?”

பாவம், நல்ல மனிதர். 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் மிஷினைச் சரிபார்த்து, சுத்த ஜாதகம் வந்தால் கல்யாணம், இல்லாவிட்டால் மன்னிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் பத்மாசினி நின்றிருந்தாள். அவள் அழவில்லை. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவும் இல்லை.

திங்கட்கிழமை, மதியம் 3.40. அறை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. பெண் செருப்பு. இடது வார் அறுந்து ஊக்குப் போட்டிருந்தது. யாரோ ஜாதகத்துக்கு வந்திருக்கிறார்கள் என்று உள்ளே போனேன்.

யாரும் இல்லை.

ஆனால் டி.வி. எரிந்துகொண்டிருந்தது. நான் கேசட்டே போடவில்லை, புரோகிராம் ஏறி நின்றது. பெயர் இருக்க வேண்டிய இடம் காலி. பெண். பிறந்த ஊர், எழுமலை. வெளியே வந்து பார்த்தேன். செருப்பைக் காணோம்.

யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை அதே 3.40-க்கு அதே செருப்பு. இந்த முறை பிரிண்டர் தானாக ஓடியது. அதே எழுமலைப் பெண்ணுக்கு ஏழாமிடத்தில் செவ்வாய் என்று ஒரு பக்கம். அடுத்த பக்கமும் அதுவேதான். பேப்பர் தீரும்வரை அதுவேதான்...

ஆரப்பாளையத்துக்குப் போய் மேஜையைத் தட்டிக் கத்தினேன். அந்த மேனேஜர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. யாராவது செருப்போடு உள்ளே வந்தார்களா என்று கேட்டான். சித்திரைத் திருவிழா முடியட்டும், ஆள் அனுப்புகிறேன் என்றான். அழகர் ஆற்றில் இறங்கும்வரை என் தங்கை காத்திருக்க வேண்டுமாம். நான் போட்ட சத்தத்தில் கீழே லாட்ஜில் தூங்கியவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். சனிக்கிழமை காளையை அனுப்பினான்.

காளை கால் மணி நேரம் மிஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“தூசிதான் சார். வேற ஒண்ணுமில்ல. நல்ல மிஷினு.”

“தங்கச்சி ஜாதகம் தப்பா வருதுய்யா.”

“மிஷினு எப்படி சார் தப்பாச் சொல்லும்?”

அவனை அறைந்திருப்பேன். அதற்குள் அவன் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டான். அங்கே அவன் செருப்புக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடி கிடந்தது. ஊக்குப் போட்ட ஜோடி. மணி 3.40.

காளை அதைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

“இது... இங்க எப்படி வந்துச்சு?”

யாருடையது என்று கேட்டேன். தன் செருப்பைக்கூடப் போடாமல் கொதிக்கிற வெயிலில் வெறுங்காலோடு தெருவில் ஓடினான். அவன் செருப்பு மூன்று நாள் என் வாசலிலேயே கிடந்தது.

21-ஆம் தேதி, வியாழக்கிழமை. மறுநாள் கெடு. காலையிலிருந்து ஆரப்பாளையத்தில் மாடிப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. எல்லோரும் திருவிழா பார்க்கப் போய்விட்டார்கள். மனதுக்குள் அவர்களைச் சபித்துக்கொண்டே பஸ் ஏறி வீடு வந்தேன். தெரு முழுக்க இரண்டு மணியிலிருந்து கரண்ட் இல்லை.

வீட்டுக்குள் கால் வைத்தேன். மணி 3.40.

கர்ர்... கர்ர்... கர்ர்...

பிரிண்டர் சத்தம்.

மேலே பார்த்தேன். ஃபேன் நின்றிருந்தது. டி.வி. கறுப்பாக இருந்தது. சுவரில் மெயின் சுவிட்சை இறக்கியே வைத்திருந்தார்கள்.

கர்ர்... கர்ர்...

அறை வாசலில் ஊக்குப் போட்ட செருப்பு.

அதன் பக்கத்தில் இன்னொரு ஜோடி. பச்சை வார்.

பத்மாசினியின் செருப்பு.

“பத்மா...”

உள்ளே யாரும் இல்லை.

சத்தம் நின்றது. பிரிண்டரில் ஒரே ஒரு பேப்பர் தொங்கியது. கிழித்தேன். பத்மாவின் பிறந்த தேதி. பத்மாவின் பிறந்த நேரம். ஏழாமிடம் காலி.

செவ்வாய் இல்லை. தோஷம் இல்லை.

கொல்லைக் கதவு திறந்து கிடந்தது.

ஓடினேன்.

கொல்லையைத் தாண்டினால் தென்கால் கண்மாய்ப் பக்கம். அங்கே ஒரு பாழுங்கிணறு. கிணற்றின் விளிம்பில் கால்களை உள்ளே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். வலது கை மட்டும் பக்கவாட்டில் நீண்டிருந்தது. யாரோ பிடித்திருப்பதுபோல.

பின்னாலிருந்து இடுப்போடு கட்டி இழுத்தேன். வரவில்லை. பனங்கட்டை மாதிரி கனத்தாள். மறுபடி இழுத்தேன். சட்டென்று லேசானாள். இரண்டு பேரும் முள்ளில் விழுந்தோம்.

அவள் உள்ளங்கால் முழுக்க வெந்து கொப்புளம். வலது மணிக்கட்டில் நான்கு விரல் தடம், நீலமாக.

எங்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். அவள் அதில்தான் சொன்னாள். ஒரு அக்கா வந்து கூப்பிட்டாளாம். ஆனால் அந்த அக்கா சொன்னதை மட்டும் தமிழில் சொன்னாள். அப்படிப்பட்ட தமிழ் எங்கள் வீட்டில் யாரும் பேசியதே இல்லை.

“செருப்ப வாசல்லயே விட்டுட்டு வா தாயி. உள்ள போறவுக செருப்புப் போடக் கூடாதுல்ல.”

அப்புறம் அவள் என்ன செய்தாள் என்று கேட்டேன்.

“கையப் பிடிச்சா. நீ வர்ற வரைக்கும் விடவே இல்ல.”

மறுநாள் பரமக்குடிக்காரர் வந்தார். பேப்பரைக் காட்டினேன். அவர் முகம் மலர்ந்தது. கதவுக்குப் பின்னால் நின்ற பத்மாசினி கட்டுப்போட்ட காலோடு முன்னால் வந்தாள். நாளைக்கு மிஷின் வேறு மாதிரி சொன்னால் என்னை என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். அவர் பேப்பரையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டாள். இரண்டு வருஷம் கழித்து, ஜாதகமே கேட்காத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இன்றைக்கும் நன்றாக இருக்கிறாள்.

அன்று பரமக்குடிக்காரர் கிளம்பியதும் மிஷினைத் திறந்து அந்தப் போர்டைப் பிடுங்கினேன். ஓரத்தில் மஞ்சள் படிந்து, பழைய சூடு வைத்த தழும்போடு இருந்தது. இதுதான் அவர்கள் சொன்ன புத்தம் புதுசு. ஆரப்பாளையம் மாடி ஏறி மேனேஜர் மேஜையில் வீசினேன். இதைச் சுத்தியலால் உடைத்துப் போடு என்று சொன்னேன். சரி சரி என்று டிராயரில் போட்டுக்கொண்டான். அன்று மதியம் 3.40-க்கு என் வாசலில் எந்தச் செருப்பும் இல்லை. அதற்குப் பிறகும் வரவில்லை.

போர்டை வீசிவிட்டு இறங்கியபோதே கீழே டீக்கடையில் காளையைப் பிடித்திருந்தேன். மூன்று கிளாஸ் டீ குடித்தபிறகுதான் வாயைத் திறந்தான்.

அந்தப் போர்டு உசிலம்பட்டியில் ஒரு ஜாதக சென்டர் மிஷினிலிருந்து கழற்றியது. எழுமலையிலிருந்து அன்னக்கொடி என்று ஒரு பெண் அங்கே நான்கு முறை வந்திருக்கிறாள். அவளுக்கும் ஏழில் செவ்வாய் என்று போட்டுக் கொடுத்து, நிச்சயம் செய்த கல்யாணம் நின்றுவிட்டது. இன்னொரு தடவை போட்டுப் பாருங்கள் என்று கெஞ்சியிருக்கிறாள். மிஷின் தவறாது என்று அனுப்பியிருக்கிறார்கள். நான்காம் முறை வந்தபோது கரண்ட் இல்லை, உட்காரச் சொன்னார்கள். வாசலில் அவள் செருப்புக் கிடந்ததால், உள்ளேதான் காத்திருக்கிறாள் என்று இருட்டும்வரை நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் பின்வாசல் வழியாகப் போய்விட்டாள். பின்னால் ஒரு கிணறு.

“மிஷினக் கழட்டப் போனப்ப அந்தச் செருப்பு அங்கனயே கெடந்துச்சுண்ணே. ஊக்குப் போட்டது. யாரும் எடுக்கல.”

கிணற்றிலிருந்து எடுத்தபோது அவள் கைக்கடிகாரம் நின்றிருந்த நேரத்தையும் சொன்னான். நான் அதைக் கேட்டிருக்கவே வேண்டியதில்லை.

என் தங்கையை அவள் கிணற்றுக்குள் இழுத்தாளா, விழாமல் பிடித்து வைத்தாளா? இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பேப்பரை அடித்துக் கொடுத்தவளும் அவள்தானே.

நான் வாசல் போர்டைக் கழற்றினேன். அந்தப் பதின்மூன்று நாளில் என்னிடம் ஜாதகம் வாங்கியவர்கள் வீட்டுக்கெல்லாம் சைக்கிளில் போய், தப்பு, நம்பாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். ஜூன் மாதம் மிஷினையும் திருப்பிக் கொடுக்க ஆரப்பாளையம் போனேன். அந்தப் போர்டை உடைத்தாயா என்று மேனேஜரைக் கேட்டேன்.

“எதுக்கு சார் உடைக்கணும்? வேற மிஷின்ல போட்டுக் குடுத்தாச்சு. நல்லா ஓடுது. கம்ப்ளெயின்டே இல்ல.”

எந்த ஊர் என்று சட்டையைப் பிடித்துக் கேட்டேன். கடைசிவரை சொல்லவில்லை.

கம்ப்ளெயின்டே இல்லையாம். அந்த வீட்டு வாசலில் கிடக்கிற செருப்பை யாராவது எண்ணிப் பார்த்தார்களா?