வேர் முடிச்சும் ஓரப்பாத்தியும்

விதை விளைந்த கதையைச் சொல்ல விதைக்கடைக்கு யாரும் வருவதில்லை. கடைப்பலகைக்கு இந்தப் பக்கம் நின்று விற்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டுக் கடையில் தொடங்கிய இதில் இருந்தவர்கள் நால்வர்: ஐந்தாம் வகுப்போடு நின்ற நான், என் முதலாளி, முதன்முறையாக ஓர் ஏக்கர் குத்தகை பிடித்து வேர்க்கடலை போட்ட ஸ்டெல்லா, டிராக்டர் ஓட்டும் அவள் கொழுந்தன் தாஸ். அவள் வீட்டுக்காரர் மறைமலைநகரில் ஷிப்டில் இருந்ததால் கணக்கில் சேர்க்கவில்லை.

கஞ்சி

ரைசோபியம் பாக்கெட் மூன்று கொடுத்து, "ஆறின கஞ்சியில் கலந்து விதைமேல் புரட்டு, நிழலில் உலர்த்து" என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. எனக்கு விளக்கிப் பேச வராது. மறுநாளே வந்து நின்றாள். சூடாக இருந்தால்தான் ஒட்டும் என்று, கொதிக்கிற கஞ்சியில் மூன்றையும் கொட்டியிருக்கிறாள். நல்லவேளை, விதையைச் சேர்க்கவில்லை. அது மண்ணில் வாழும் நுண்ணுயிர், வேரில் குடியேறிக் காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துத் தரும், சூட்டில் செத்துவிடும் என்று முதலாளி சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்து, வேறு மூன்று பாக்கெட் கொடுத்தேன்.

"உயிரு கீதுன்னு முன்னாடியே சொல்லக்கூடாதா பெரியவரே? நான் மருந்துன்னு இல்ல நெனச்சிகினு இருந்தேன்!"

முடிச்சு

முப்பதாம் நாள் நான்கு செடிகளைப் பையில் போட்டு எடுத்துவந்தாள். வேரெல்லாம் முடிச்சு. எண்ணினேன், நூற்றுப் பதினேழு. நூற்புழு தாக்கினாலும் வேரில் முடிச்சு வரும் என்று கடைச் சுவரில் படம் ஒட்டியிருக்கிறது. அதுவா, இதுவா? முதலாளிக்குப் போன் போட்டேன். விரலால் தள்ளினால் உதிர வேண்டும், நறுக்கினால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும், அதுதான் நல்ல முடிச்சு என்றார். தள்ளினேன், உதிர்ந்தது. நறுக்கினேன், பழுப்பு. செடி வாடியதால் பழுப்பா, நோயால் பழுப்பா? முடிச்சுகளை மறுபடி முதலிலிருந்து எண்ணினேன்.

"இது நோவுதான், நாளைக்குக் காலைல உழுது மடக்கிடுறேன்னு தாஸு நிக்கிறான். நீங்க இன்னான்னா, இன்னும் எண்ணிகினே கீறீங்க!"

சிவப்பு

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் வயலுக்குப் போனேன். டிராக்டர் உறுமிக்கொண்டிருந்தது. வரப்பை ஒட்டிய ஓரப்பாத்தியில் அறுபத்துநான்கு செடிகள். ஒன்றைப் பிடுங்கி அங்கேயே நறுக்கினேன். சிவப்பு! தாஸ் முகத்தைச் சுளித்தான்.

"ரத்தமாட்டம் கீது, இதப் போயி நல்லதுன்ற! இன்னா பெருசு, கலாய்க்கிறியா?"

மூலை

அவன் ஒன்று பிடுங்கினான், ஸ்டெல்லா ஒன்று. சிவப்பு. இன்னொன்று. அதுவும் சிவப்பு. இத்தனை சிவப்பைப் பார்த்ததும் எனக்கே சந்தேகம் வந்து, நானும் பிடுங்கினேன். பிறகு ஸ்டெல்லா எழுந்து வயலின் மூலைக்குப் போனாள். கஞ்சி தீர்ந்ததும் மிச்ச விதையைச் சும்மா போட்ட இடம் அது. அங்கே மட்டும் இலை வெளுத்திருந்தது. இரண்டு செடிகளைப் பிடுங்கிப் பார்த்தாள். பெயருக்கு ஐந்தாறு முடிச்சு.

"வண்டிய எடுத்துகினு போ தாஸு. நோவு வந்தது பச்சையா நிக்குது, வராதது வெளுத்துப்போச்சு. அந்த நோவே இருந்துட்டுப் போவட்டும்."

ஏக்கர் பிழைத்தது. முடிச்சு நல்லதுதான் என்று நாங்கள் மூவரும் பிடுங்கிப் பிடுங்கி உறுதி செய்துகொண்டதில், ஓரப்பாத்தியின் அறுபத்துநான்கில் மிஞ்சிய செடிகள் பத்தொன்பது.