ஐம்பத்து நான்கைத் தாண்டாத வண்டி

மொபெட்டின் முள் ஐம்பதைத் தொட்டபோதுதான் எனக்கு உறைத்தது. சித்தப்பாவின் பழைய மொபெட் அது. எவ்வளவு திருகினாலும் நாற்பதைத் தாண்டி நான் பார்த்ததில்லை. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலை, ஆடி மாதம், முதுகில் மேல்காற்று. ஆக்சிலேட்டர் எப்போதும் போல முழுக்கத்தான் இருந்தது. காற்று தள்ளி வேகம் கூடுகிறதென்றால், எஞ்சினால் இன்னும் சுற்ற முடியும், சுற்ற வலுதான் போதவில்லை என்று அர்த்தம். சுற்றவேண்டியதையெல்லாம் சுற்றி முடித்த எஞ்சினைக் காற்று ஒன்றும் செய்யாது.

இதையே நான்கு மாதத்துக்கு முன்னால், என்னோடு படித்த மரக்காணத்து மீனவர் வீட்டுப் பையன் ஒருவன் என்னிடம் சொன்னான். நான் சிரித்தேன். இப்போது அவனுடைய அப்பாவின் கருமாதிக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

எங்கள் கல்லூரி விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிறது. மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில் ஆறு பேர் சேர்ந்து ஒரு ஏ.டி.வி. கட்டினோம். தடித்த நான்கு சக்கரம், பைக்குக்கு இருப்பது போல ஹேண்டில், பழைய இருநூறு சி.சி. பைக் எஞ்சின். புழுதியில் ஓட்டுகிற பந்தய வகை. கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் போட்டிக்கு அதைக் கொண்டுபோக ஆசை. பின்பக்கத்துச் செயின் சக்கரத்துக்கு எத்தனை பல் என்பது அவன் போட்ட கணக்கு. நாற்பது பல் வைத்தால் எழுபத்தைந்து கிலோமீட்டர் வேகம் வரும் என்று நோட்டில் எழுதிக் காட்டினான். ஹேண்டில், ஆக்சிலேட்டர், கேபிள் எல்லாம் என் பொறுப்பு.

வண்டி ஐம்பத்து நான்கில் நின்றுவிட்டது. கல்லூரிக்குப் பின்னால் வற்றிக் கிடந்த ஏரியில் பத்து முறை ஓட்டினோம். போன் காட்டிய வேகம் ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு. அதற்கு மேல் ஒரு இம்மியும் ஏறவில்லை.

எனக்கு எதிலும் அவசரம். "பல் அதிகம்டா. டாப் கியர்ல எஞ்சின் முழுசா சுத்தி முடிச்சிடுது. உன் கணக்கு தப்பு" என்றேன். ஆர்.பி.எம். மீட்டர் இருந்திருந்தால் ஒரே பார்வையில் தெரிந்திருக்கும். எடையைக் குறைக்கிறேன் என்று அதைக் கழற்றிப் போட்டவனும் நான்தான்.

அவன் கண்கள் சிவந்திருந்தன. அந்த நாட்களில் வகுப்பிலும் ஷெட்டிலும் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவான்.

"காத்துக்கு எதிர்ல ஒரு தபா ஓட்டு, காத்தோட ஒரு தபா ஓட்டு மச்சான். ரெண்டும் ஒரே வேகம்னா என் கணக்கு தப்பு. வேற வேற வந்துச்சுன்னா எஞ்சினுக்கு தம் பத்தல. போட்ல நாங்க அப்படித்தான் பாப்போம்."

"இது போட் இல்லடா, கரையில ஓடுற வண்டி. போயி மூஞ்ச கழுவிக்கினு வா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் கொஞ்சம் சிரித்தான்.

அவனைக் கேட்காமலே முப்பத்தாறு பல் சக்கரத்தை வாங்கி மாட்டினேன். வேகம் ஐம்பதாகக் குறைந்தது. பல் குறைந்தால் எஞ்சினின் ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி அதிக தூரம் போகும்; என் வாதம் சரியென்றால் வேகம் கூடியிருக்க வேண்டும். அந்த இடத்திலாவது நான் நின்று யோசித்திருக்கலாம். செயினை அவன் கோணலாக மாட்டியிருக்கிறான் என்று அதையும் அவன் தலையிலேயே போட்டேன். பொறுப்பாசிரியரின் அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "தூங்கிக்கினே போட்ட கணக்கு சார் அது." சார் பேனாவை எடுத்து, குழுப் பட்டியலில் அவன் பெயர்மேல் ஒரு கோடு போட்டார். அவன் நோட்டை மூடிக்கொண்டு எழுந்து போனான். ஒரு வாரம் வகுப்புக்கு வந்தான். பிறகு வரவில்லை.

கருமாதி வீட்டில் அவன் மொட்டைத் தலையோடு இலை போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் "சாப்பிட்டுப் போடா" என்றான், அவ்வளவுதான். அவனுடைய அம்மாதான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீதானாப்பா அந்த வண்டி செய்யிற புள்ள? வூட்டுக்கு இட்டாறதுக்கு முன்னால முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில ரெண்டு மாசம் கெடந்தாரு. ராவெல்லாம் இவன்தான் கூட இருந்தான். அவருக்குத் தூக்கம் வராது. நோட்ட வெச்சிக்கினு எவ்ளோ வேகம் போவும்னு சொல்லிக்கினே இருப்பான். அவரும் கேட்டுக்கினே இருப்பாரு. ஓடுச்சாப்பா வண்டி?"

"ஓடுதும்மா" என்றேன்.

அந்த இரண்டு மாதமும் அவன் மருத்துவமனையிலிருந்து நேராகக் கல்லூரிக்கு வந்திருக்கிறான். சட்டையில் டெட்டால் வாடை அடித்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. என்னடா என்று ஒரு வார்த்தை நான் கேட்டதில்லை.

திரும்பும்போது காற்று முகத்தில் அறைந்தது. அதே மொபெட், அதே திருகல், முப்பதைத் தாண்டவில்லை. திண்டிவனம் வரும்வரை முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலை ஏரிக்கு வண்டியைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனேன். கழற்றி வைத்திருந்த நாற்பது பல் சக்கரத்தை மறுபடி மாட்டியிருந்தேன். காற்றோடு ஓட்டினால் அறுபது. எதிர்த்து ஓட்டினால் நாற்பத்தெட்டு. அவன் கணக்கில் தப்பில்லை. வலுதான் எங்கேயோ தடைபட்டிருந்தது.

ஷெட்டுக்கு வந்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்தினேன். உள்ளே காற்று வழியை மூடித் திறக்கும் அடைப்பான் முழுக்க மேலே ஏற வேண்டும். பாதிக்குக் கொஞ்சம் மேலே போய் நின்றுவிட்டது. கட்டைவிரலுக்குக் கீழே லீவரும் நின்றது. அதன் எல்லையே அதுதான் என்று அத்தனை மாதம் நம்பியிருந்தேன்.

கட்டைவிரலால் அழுத்துகிற அந்த லீவரைக் குயிலாப்பாளையம் பக்கம் ஒரு பழைய சாமான் கொட்டகையில் வாங்கினேன். கடற்கரையில் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்ட வண்டியிலிருந்து கழற்றியது. பெருமையோடு மாட்டினேன். அதன் பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு இருந்தது. மூடியைப் பிடித்திருக்கும் திருகு என்று நினைத்து, ஆடக்கூடாதென்று நன்றாக இறுக்கியும் வைத்தேன். இப்போது பிரித்துப் பார்த்தால் அதன் முனை உள்ளே லீவரை முட்டிக்கொண்டு நிற்கிறது. புதிதாக ஓட்ட வருகிறவர்கள் வேகமாகப் போய்விடக்கூடாதென்று வைத்த தடை. ஸ்க்ரூ டிரைவரால் ஆறு சுற்று தளர்த்தினேன். லீவர் இன்னும் ஒரு விரற்கடை உள்ளே போனது. அடைப்பான் முழுக்க ஏறியது.

சந்தோஷம் வரவில்லை. தரையில் உட்கார்ந்து அவனுக்குப் போன் போட்டேன்.

"திருகா?" என்றான்.

"ஆமாடா. நான் மாட்டுனதுதான். உன் கணக்கு சரி."

பின்னால் யாரோ வலை இழுக்கக் கூப்பிடுகிற சத்தம். "இரு, வர்றேன்" என்று அவர்களிடம் கத்திவிட்டு, "இப்ப எவ்ளோ போவுது?" என்றான்.

"இன்னும் ஓட்டல. நீ வந்து ஓட்டு."

"நான் அண்ணன்கூட கடலுக்குப் போய்க்கினு கீறேன் மச்சான். காலேஜுக்கு வர்ற மாதிரி இல்ல."

"வண்டிய நான் அங்க எடுத்துக்கினு வர்றேன்."

"சார்கிட்ட சொன்னியா?"

"இன்னும் இல்லடா."

"மொதல்ல அத சொல்லு. அன்னைக்கு யார் யார் இருந்தாங்களோ, அவங்க முன்னால சொல்லு. அப்புறமா எடுத்துக்கினு வா, பாக்கலாம்." வைத்துவிட்டான்.

அவன் திரும்பி வந்து படிப்பானா என்று எனக்குத் தெரியாது. இந்தத் திருகு இல்லாவிட்டாலும் அவன் அப்பா செத்திருப்பார், அவன் கடலுக்குப் போயிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அந்தக் கோடு என் வாயால் விழுந்தது.

திங்கட்கிழமை முதல் பீரியடுக்கு முன்னால் சாரின் அறைக்குப் போகப்போகிறேன். மற்ற நான்கு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். திருகைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், அதை மேசைமேல் வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும். பட்டியலில் அவன் பெயரை மறுபடி எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். அதன் பிறகு வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றி மரக்காணம் உப்பளக் கரைக்குக் கொண்டுபோவேன். எழுபத்தைந்து வருகிறதா என்று அவன் ஓட்டிப் பார்க்கட்டும். அதுவரை வண்டியை நான் ஓட்டுவதாக இல்லை.