பூச்சில்லாத முகம்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் அவரைப் பற்றிக் கூடப்பிறந்த தங்கைதான் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்லிவிட்டீர்கள். எழுதுகிறேன். ஆனால் தகனத்துக்கு வந்தபோது "பாவம், பிறந்ததிலிருந்தே கஷ்டம்" என்று பேசிக்கொண்டீர்களே, அதை எழுத மாட்டேன். எனக்கு அக்காமேல் பரிதாபம் ஒருநாளும் இருந்ததில்லை. பொறாமைதான் இருந்தது. இப்போதும் இருக்கிறது.

அக்கா ஈரோட்டில் பிறந்தார். பிறவியிலேயே உடம்பில் நிறம் கிடையாது. தோல், முடி, புருவம், இமை எல்லாமே வெளுப்பு. வெளிச்சத்தில் கண் கூசும், பார்வையும் குறைவு. நாலு வருடம் கழித்து நான் பிறந்தேன், நல்ல கருப்பாக. பள்ளிக்கூடத்தில் அக்காவை வெள்ளைக் கரப்பான் என்றார்கள், என்னைக் கரிச்சட்டி என்றார்கள். ஆனால் குடை அக்காவுக்கு மட்டும்தான். முழுக்கைச் சட்டை, முதல் பெஞ்சு, அம்மாவின் கை எல்லாம் அக்காவுக்கே. எனக்குக் குடை கேட்டால் அம்மா, "உனக்கென்னடி, நீ தாங்குவ" என்பார்.

விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்காவின் முடிக்கும் புருவத்துக்கும் அம்மா கருப்புச் சாயம் பூசிவிட்டார். முகத்துக்கு மாநிறத்தில் ஒரு பூச்சு. அப்படியும் மாப்பிள்ளை அமையவில்லை. அக்கா இருக்க என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். அதற்கும் ஊரே அக்காவுக்காகத்தான் வருத்தப்பட்டது.

கரும்பலகையில் எழுதிப்போடுவது அக்காவின் கண்ணுக்குத் தெரியாது. காதால் கேட்டே கம்ப்யூட்டர் படிப்பை முடித்தார். தொண்ணூற்றைந்தில் வேலை கிடைத்து நியூ ஜெர்சி வந்தார். பிஸ்கட்டவேயில், கல்யாணமாகி வந்து நாங்கள் இருந்த தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு எடுத்தார். அதற்குள் அம்மா, அப்பா இருவருமே போய்விட்டார்கள். ஆனால் பூச்சு போகவில்லை. மாலில் கடைக்காரப் பெண் அக்காவின் முகத்துக்குப் பொருத்தமாக வெளிர் நிறத்தில் ஃபவுண்டேஷன் எடுத்துக் காட்டுவாள். அக்கா என் கையை இழுத்து மேஜைமேல் வைத்து, இதைவிட இரண்டு ஷேட் கம்மியாகக் கொடு என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் பூச்சுக்கு அடியில், காதோரம், ஒரு புண் ஆறாமலே இருந்திருக்கிறது. தோல் புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். தலையில் ஒரு பக்கம் மழித்து, காதோரத்திலிருந்து தாடைவரை வெட்டித் தைத்தார்கள். இனி வெயிலில் குடையும் தொப்பியும் இல்லாமல் போகக்கூடாது, புண் ஆறும்வரை முகத்தில் எதுவும் பூசக்கூடாது, சாயம் கூடவே கூடாது என்றார்கள். மழித்த இடத்தில் மக்காச்சோளக் கதிரின் நுனிநார் போல முடி வந்தது. அக்கா மிச்சத்தையும் குட்டையாக வெட்டிக்கொண்டார். தழும்பு சிவப்பாக, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருந்தது. புண் ஆறிய பிறகு ஃபவுண்டேஷனை எடுத்துக் கொடுத்தேன். வாங்கவில்லை.

"கண்ணாடில பாத்தேன் கண்ணு. அட, இதுதானா நானுன்னு இருந்துச்சு. நல்லாத்தான இருக்கேன்?"

என் மகள் முந்திக்கொண்டாள். "பெரியம்மா, யூ லுக் ஸோ ப்ரிட்டி."

என்னைப் பார்த்து அவள் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை.

அதன்பிறகு அக்காவோடு வெளியே போவதே எனக்குத் தண்டனையாகிவிட்டது. மளிகைக் கடையில் கல்லாக்காரி அக்காவிடம் சிரித்துப் பேசுவாள், பின்னால் நிற்கும் என்னிடம் ஐடி கேட்பாள். ஊரில் எல்லோரும் திரும்பிப் பார்த்த அக்காவை இங்கே யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. பொட்டு வைத்த என்னைத்தான் பார்த்தார்கள். இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் என்று சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

அந்த வருடப் பொங்கல் விழாவுக்கு நான் அரக்குப் பட்டு கட்டி, அட்டிகை போட்டு, இரண்டு மணிநேரம் அலங்காரம் செய்துகொண்டு போனேன். அக்கா கிளிப்பச்சைப் புடவையில், வெறும் முகத்தோடு, தழும்போடு வந்தார். மண்டபமே திரும்பிப் பார்த்தது. சாப்பாட்டு வரிசையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்த ஆன்ட்டி, யாரோ நம் பையன் கட்டிய அமெரிக்கப் பெண் என்று நினைத்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டார்.

"யூ... ஆர்... ஹூஸ் வைஃப்? யுவர் கிரீன் சாரி... வெரி நைஸ்."

"நான் யாரு சம்சாரமும் இல்லீங்க. ஈரோட்டுக்காரி. சாம்பாரு இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க."

ஆன்ட்டியின் கரண்டி அப்படியே நின்றது. சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், அக்கா எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். என்னிடம் ஆன்ட்டி, "லைன் மூவ் பண்ணுங்கம்மா" என்று மட்டும் சொன்னார்.

திரும்பும் வழியில் காரில் அக்கா கேட்டார்: "நான் இன்னிக்கு அழகா இருந்தேன்ல?"

"ஆமாக்கா" என்றேன். உண்மை அது. அதனால்தான் அப்படி எரிந்தது.

இரண்டு வருடம் அப்படியே இருந்தார். பிறகு நோய் கழுத்துக்குள் வந்துவிட்டது. கடைசி மாதங்களில் என் வீட்டில்தான் இருந்தார். வலிக்கிறது என்பார், பயமாக இருக்கிறது என்பார். மறுபடி சாயம் பூசிவிடு என்று மட்டும் கேட்கவே இல்லை.

பக்கத்து ஊர் எடிசனில் இருக்கும் எங்கள் பெரியப்பா மகன், அண்ணன், இறுதி ஏற்பாடுகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார். உடலை அலங்கரிக்கும் பெண்மணி அவரிடம் ஒரு போட்டோ கேட்டிருக்கிறார். அண்ணன் பழைய விசா போட்டோவைக் கொடுத்திருக்கிறார். சடங்கு மண்டபத்துக்கு நான் போனபோது சவப்பெட்டிக்குள் மாநிறமாக யாரோ படுத்திருந்தார். முடி கருப்பு, புருவம் கருப்பு, தழும்பைக் காணோம்.

"யாரைக் கேட்டுண்ணா இப்படிப் பண்ணுனீங்க?"

"ஊர்ப்பட்ட பேரு வர்றாங்க அம்மிணி. பாக்கறவங்களுக்கு நல்லா இருக்கட்டும்னுதான்."

"அக்கா நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆளுக வெளிய வந்து நின்னுட்டாங்க."

"நிக்கட்டும்."

நானே துடைத்தேன். பஞ்சும் களிம்பும் எடுத்துக் கொடுத்து, முடியில் ஏற்றிய கருப்பைத் தானே அலசிவிட்டு, ஒரு வார்த்தை முணுமுணுக்காத அந்தப் பெண்மணிக்கு நன்றி. இதை மலரில் எழுத வேண்டாம் என்று அண்ணன் சொன்னார். அவர் நல்லெண்ணத்தில்தான் செய்தார், அலைந்ததற்கு அவருக்கும் நன்றி. அறுவை சிகிச்சை செய்த டாக்டருக்கும், கார் ஓட்ட முடியாத அக்காவை இத்தனை வருடம் வேலைக்கு அழைத்துப் போய்வந்த ஆபீஸ் தோழிகளுக்கும் நன்றி.

அன்று அந்தக் குளிரில் உங்களை வெளியே நிற்க வைத்தது நான்தான். காரணம் இதுதான். நின்றதற்கு நன்றி. கதவு திறந்ததும் நீங்கள் எல்லோரும் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பக்கத்தில் நான் நின்றதை ஒருவர்கூடக் கவனிக்கவில்லை.