தழும்பு வெளுக்கிற வரை

சமையலறையில் எவர்சில்வர் டம்ளர் விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்த தெரபிஸ்ட் அம்மா பேச்சை நிறுத்திக் கொத்தனாரைப் பார்த்தாள்.

"கை நல்லா விரியுதுன்னு இப்பதானே சொன்னீங்க?"

கொத்தனார் தரையைப் பார்த்தார். தண்ணீர் கொண்டுவரப் போன அவர் மனைவி, இடது கையில் வேறொரு டம்ளரோடு வந்தாள். வலது கையைத் துண்டுக்குள் ஒளித்திருந்தாள்.

தையல் கடையில் அவளுக்கு 'கட்டிங் அக்கா' என்றுதான் பெயர். பதினாறு வருஷமாகத் துணி வெட்டியவள். அவள் கத்தரி போட்டால் ஒரு நூல் பிசகாது என்பார்கள். ஐந்து மாதத்துக்கு முன் நீராவி இஸ்திரிப் பெட்டியின் குழாய் பிய்த்துக்கொண்டு, அந்தக் கையை மணிக்கட்டோடு வேகவைத்துவிட்டது. புண் ஆறிவிட்டது. ஆறிய தோல்தான் இப்போது வில்லங்கம். கயிறு போலத் தடித்து, கட்டைவிரலை உள்ளங்கைப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. தினமும் நான்கு வேளை களிம்பு போட்டுத் தழும்பைத் தேய்க்க வேண்டும், இல்லாவிட்டால் கத்தி வைக்கவேண்டிவரும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கொத்தனார் ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் வேலையிடத்திலிருந்து சைக்கிளை மிதித்து வந்து தேய்த்துவிட்டுப் போவார். அதையே அவர் திரும்பத் திரும்பச் சொல்ல, எப்படித் தேய்க்கிறீர்கள், காட்டுங்கள் என்றாள் தெரபிஸ்ட் அம்மா.

காட்டினார். செங்கல்லை ஒரே தட்டில் இரண்டாக்கும் அந்தக் கை, பூனைக்குட்டியைத் தடவுவது போலத் தழும்பின் மேல் வழுக்கிக்கொண்டு போனது.

"இது கொஞ்சறது அண்ணே. தழும்பு வெளுக்கிற அளவுக்கு அழுத்தி, தோலோட சேர்த்து வட்டமா உருட்டணும்னு சொல்லிக்கொடுத்தோமே."

சொல்லிக்கொடுத்தது உண்மைதான். அன்று ஆஸ்பத்திரியில், முதல் அழுத்தலிலேயே அவள் அலறிய அலறலில் வார்டே திரும்பிப் பார்த்தது. வெளியே ஓடிப்போய் மாடிப்படியில் உட்கார்ந்து அழுத கொத்தனார், அதன்பிறகு அவள் கையை அழுத்தவே இல்லை. இதமாக இருக்கிறதே என்று அவளும் வாய் திறக்கவில்லை.

"ஊருக்கெல்லாம் சுவர் பூசற மனுஷன், எனக்குப் பவுடர் பூசிட்டு இருந்திருக்கார்," என்றாள் அவள். உதடு கோணியதே தவிரச் சிரிப்பு வரவில்லை.

தெரபிஸ்ட் அம்மா கட்டைவிரலைப் பிரித்து அளந்து பார்த்தாள். விரியும் அளவு போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது. இன்னும் மூன்று வாரம் பார்க்கலாம், பலன் இல்லையென்றால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டியதுதான், அதற்குப் பிறகும் கத்தரி பிடிக்க வருமா என்று தன்னால் சொல்ல முடியாது என்றாள்.

"வலிக்கக் கூடாதுன்னுதான் மேடம்…" என்றார் கொத்தனார்.

தெரபிஸ்ட் அம்மா அவருடைய கட்டைவிரல்களைப் பிடித்துத் தழும்பின் மேல் வைத்து அழுத்தவைத்தாள். தோல் வெளுத்தது. மனைவி துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொண்டாள். இரண்டு நிமிடத்தில் அவர் கையை எடுத்துவிட்டார். இன்னும் எட்டு நிமிடம் பாக்கி இருக்கிறது, முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, தெரபிஸ்ட் அம்மா அடுத்த நோயாளியைப் பார்க்கப் பையை எடுத்தாள்.

கொத்தனார் வாசல்வரை கூடவே வந்தார். அவள் படியிறங்கித் தெருமுனை திரும்பிய பிறகும், உள்ளே போகக் கால் வராமல் நின்றார்.

"கதவைச் சாத்திட்டு வாங்க," என்றாள் மனைவி உள்ளிருந்து. "நான் கத்துனா வெளிய கேக்கும். என்ன கத்துனாலும் நீங்க நிறுத்தாதீங்க."

அவர் கதவைச் சாத்தினார்.