கோயில் வேலிக்கு மொட்டை போட்ட லெஸ்

எங்கள் மாதா கோயில் பங்கில் லெஸ் டன்ஸ்டனைப் போலத் தாராள மனசுக்காரர் கிடையாது. தான் செய்த இயந்திரத்தைச் சுமக்கிற பாக்கியத்தைக்கூட அடுத்தவருக்கே கொடுத்துவிடுவார்.

ஆஸ்திரேலியாவின் உட்பகுதிப் பண்ணைகளில் ஆட்டுக்கு ரோமம் கத்தரித்து, முதுகு போனதும் சிட்னிக்கு வந்தவர் அவர். யுத்தம் முடிந்து சில வருஷத்தில், பழைய பெட்ரோல் எஞ்சினைக் குழந்தை வண்டிச் சக்கரத்தில் ஏற்றிப் புல் வெட்டும் இயந்திரம் செய்தார். அது புல்லையும் வெட்டியது, அவர் மனைவி டோரினின் ரோஜாக்களையும் வெட்டியது, பாரபட்சமே கிடையாது. அடுத்து அதே எஞ்சினில் ஆடு கத்தரிக்கும் கருவியை மாட்டி, செடிவேலி கத்தரிக்க என்றார். கையிலேயே தூக்கிப் போகலாமாம். கை என்றால் நாலு கை. அதில் இரண்டு என்னுடையவை.

அந்த வாரத்துக்குள் ஒரு ஆர்டராவது வராவிட்டால் லெஸ் பிஸ்கட் தொழிற்சாலை வேலைக்குப் போக வேண்டும் என்று டோரின் கெடு வைத்தாள். ஆயர், அதான் பிஷப், எங்கள் கோயிலுக்கு வருவதற்கு முந்தின நாள், லெஸ் பங்குச் சாமியாரைப் பிடித்தார்.

"ஃபாதர், கோயில் வேலிய எங்கிட்ட விடுங்க. ஊரே பார்த்துட்டு ஆர்டர் குடுக்கும்."

"கத்தரிக்கோல் போதுமேப்பா."

"அது நோவா காலத்துச் சாமான், ஃபாதர்!"

ரோமம் கத்தரிப்பவருக்குத் தோலை ஒட்டி இழுத்தால்தான் கௌரவம். மேலே கொஞ்சம் விட்டு வைத்தால் ரோமம் கத்தரிக்கிற கொட்டகையே சிரிக்கும். லெஸ் வேலியிலும் கௌரவத்தை விடவில்லை. முடிவில் வெறும் குச்சிகள் நின்றன. இத்தனை வருஷம் வேலி மறைத்து வைத்திருந்த கக்கூஸ் பளிச்சென்று தெரிந்தது.

"ஏம்பா, ஆட்டுக்கு முளைச்சிடும். இதுக்கு?" என்றேன்.

"வசந்தத்துல தளிர்த்துடும்."

"ஆயர் நாளைக்கு வர்றாருப்பா!"

மறுநாள் பூசை முடிந்து ஜனங்கள் முற்றத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்க, ஆயர் நைசாக நழுவி கக்கூஸ் பக்கம் போனார். அத்தனை பேரும் பார்த்தோம். கதவைத் திறந்து அவர் வெளியே வந்ததும், பாடகர் குழுவுக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை. வரவேற்புப் பாட்டை மறுபடி எடுத்துவிட்டார்கள். ஆயர், பாவம், கையை உயர்த்தி ஆசீர்வதித்தார்.

அன்று மதியமே சாமியார் கூப்பிட்டார். "லெஸ், உனக்கு ஒரு ஆர்டர்."

லெஸ் முகம் மலர்ந்தது. "எத்தனை மெஷின், ஃபாதர்?"

"மெஷின் இல்லப்பா. கக்கூஸ சுத்தித் தகரத் தடுப்பு."

ஆர்டர் ஆர்டர்தானே என்று லெஸ் டோரினிடம் வாதாடிப் பார்த்தார். மறுநாள் காலையில் அவள் மத்தியானச் சாப்பாட்டைக் கட்டிக் கையில் கொடுத்தாள். ஆண்டவர் இரக்கமுள்ளவர், பிஸ்கட் தொழிற்சாலையில் செடி கொடி ஒன்றும் கிடையாது.