கிணற்றுத் தெருவின் ஒன்பது பேர்

சுகாதார ஆய்வாளர் மயில்சாமியின் அறிக்கை எதுவும் இருபது வருடத்தில் திருத்தச் சொல்லித் திரும்பி வந்ததில்லை. எழுபத்தைந்தாம் ஆண்டுக் கோடையில், பள்ளிபாளையத்துக்கு அருகே ஒரு சிற்றூரில் காலரா ஓய்ந்தபின், தடுப்பூசி எத்தனை பேரைக் காத்தது என்று கணக்கெடுக்க அவர் வீடுவீடாகப் போனார். கிணற்றுத் தெருவில் அநேகமாக எல்லோரும் ஊசி போட்டிருந்தார்கள், ஒருவருக்கும் நோயில்லை. வாய்க்கால் ஓரத்துக் குடிசைகளில் யாரும் போடவில்லை. ஐந்து பேர் இறந்திருந்தார்கள். ஊசியின் பலன் பளிச்சென்று தெரிந்தது.

கணவனைப் பறிகொடுத்த குப்பாயியிடம், "ஏம்மா, ஊசி ஏன் போட்டுக்கல?" என்றார்.

"கை வீங்கிப்போனா மறுநா மம்பட்டிய நீங்களா வந்து புடிப்பீங்க, சாமி?" என்றாள் அவள். பிறகு குரல் தணிந்தது. "கெணத்துத் தெருவுலயும் ஊசிக்குப் பயந்து அட்டாலி மேல ஏறி ஒளிஞ்சவங்க இருக்காங்க. அவங்கள்ல ஆருங்க செத்தா? நாங்க வாய்க்காத் தண்ணி குடிக்கறமுங்க. அந்தக் கெணத்துல எங்கள எறைக்க உடமாட்டாங்க."

மயில்சாமி திரும்பிப் போய் விசாரித்தார். ஒளிந்தவர்கள் ஒன்பது பேர். ஒருவருக்கும் வயிற்றுப்போக்குகூட வரவில்லை.

மேலதிகாரிக்கு ஊசியின் வெற்றிதான் வேண்டும். அதை மட்டும் எழுதினால் அடுத்த ஆண்டும் ஊசிதான் வரும், தண்ணீர் வராது. அன்று மாலை அவர் எழுதினார்: "ஊசி எத்தனை பேரைக் காத்தது என்று இந்த ஊரை வைத்துச் சொல்ல முடியாது. வாய்க்கால் ஓரத்துக்கு ஒரு கைப்பம்பு வேண்டும்."

இது திரும்பி வரும் என்று தெரிந்தும் கையெழுத்துப் போட்டுவிட்டார்.